வெயில் குறையவில்லை, பற்றரி நிறையவில்லை

நெடுங்கேணிக்கு உள்ளே, மின்கம்பம் வராத இடத்தில் எங்களுக்கு ஒரு தோட்டக் காணி. கச்சான் போட்டால் இரவுக்கு ஆள் இருக்க வேணும், யானையும் பன்றியும் விடாது. காவல் கொட்டிலுக்கு இரண்டு 100 வாற் சோலார் பனல், 12 வோல்ற் 100 அம்பியர் மணி பற்றரி, பனலிலிருந்து பற்றரிக்குப் போகிற மின்னை ஒழுங்குபடுத்த, சாதாரண பி.டபிள்யூ.எம். (பனலைப் பற்றரியின் வோல்ற்றிலேயே வேலை செய்ய வைக்கும் வகை) கொன்ட்ரோலர் வாங்கிப் பூட்டினேன்.

கொட்டில் பாலை மரத்தின் கீழ். நிழல் விழாத இடம் பார்த்துப் பனல்களை 20 மீற்றர் தள்ளி நிறுத்தி, இரண்டையும் சமாந்தரமாக இணைத்தேன். வயர், வீட்டு வேலையில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு. முதல் கிழமை நல்ல வெளிச்சம். பிறகு சாமம் 2 மணிக்கே பல்புகள் அணையத் தொடங்கின. யானை இறங்கும் நேரமும் அதுதான்.

கடையில் பற்றரி பழுது என்றார்கள். நான் பனல் வயரைக் கழற்றி மீற்றர் வைத்துப் பார்த்தேன், 21 வோல்ற். பனலில் பிழையில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த 21 என்னை ஒரு மாதம் ஏமாற்றியது. சுமை இல்லாதபோது எந்த வயரும் முழு வோல்ற்றைக் காட்டும்.

அப்பாதான் வழி காட்டினார். சண்டைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுழற்றி ரேடியோச் செய்தி கேட்ட மனிசன். "வாய்க்கால் நீண்டால் கடைசி வயலுக்குத் தண்ணி குறையும்தானே தம்பி, ரெண்டு பக்கமும் அளந்தனியே?" என்றார்.

மறுநாள் நடு மத்தியானம், எல்லாம் பூட்டியபடியே அளந்தேன். பனல் பக்கம் 15.5, கொன்ட்ரோலர் பக்கம் 12.4. போக 20, வர 20 என்று 40 மீற்றர் கம்பி 3 வோல்ற்றை விழுங்கியிருந்தது. பனல் வெயிலில் சூடாகும்போது அதன் வோல்ற் தானாகவே இறங்கும். அதோடு இந்த இழப்பும் சேர, பற்றரி நிறைய நிறைய மின்னோட்டம் குறைந்து, நிறைந்த பற்றரி காட்ட வேண்டிய 14.4 வோல்ற்றை ஒரு நாளும் தொடவில்லை. பற்றரி பழுதில்லை, பட்டினி.

பனல்களைத் தொடராக மாற்றி, எம்.பி.பி.ரி. கொன்ட்ரோலர் போட்டேன். அது பனலின் கூடின வோல்ற்றைப் பற்றரிக்கு ஏற்ற அளவுக்கு இறக்கி, ஓட்டத்தைக் கூட்டிக் கொடுக்கும். வோல்ற் இரு மடங்கு, ஓட்டம் பாதி. அதே வயரில் முன்பு 30 வாற்றுக்கு மேல் வீணானது, இப்போது 8 வாற் அளவுதான். பழைய பி.டபிள்யூ.எம்.மை வைத்துக்கொண்டு பனலை மட்டும் தொடராக்காதீர்கள், கூடுகிற வோல்ற்றால் பயன் இருக்காது. கொன்ட்ரோலர் எத்தனை வோல்ற் தாங்கும் என்பதையும் பாருங்கள். 100 வாற் பனல் இரண்டு தொடராக நின்றால் குளிர்ந்த காலையில் 44ஐத் தாண்டும். இப்போது விடியும் வரை பல்பு எரிகிறது.

— — —

அண்ணை, துணுக்காயிலிருந்து என்னுடைய கதை. ஒரு பகல் பற்றரியைக் கழற்றி அடுத்த கொட்டிலுக்குக் கொண்டு போனேன். பனல் வயர் கொன்ட்ரோலரிலேயே இருந்தது. திரும்பி வந்தால், இழுத்துப் பிடிக்கப் பற்றரி இல்லாத பனல் வோல்ற்றில் கொன்ட்ரோலரும் இரண்டு பல்பும் எரிந்து பழுதாகிவிட்டன. பூட்டும்போது பற்றரி முதல், பனல் பிறகு. கழற்றும்போது பனல்தான் முதல். இப்போது கொன்ட்ரோலருக்கு மேல் பெயின்ற்றால் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் பியூஸ் போட்டிருக்கிறீங்களா?

— — —

ஓம் தம்பி, பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். கொட்டில் ஓலைக் கூரை. பியூஸ் இல்லாமல் கம்பி எங்கேயாவது உரசினால் அந்தப் பற்றரி நெருப்பு வைக்கும்.