பழைய காம்பவுண்ட் வில்லை நம்பி வாங்கலாமா?

திருவையாற்றுத் தகப்பன்:
2028 ஒலிம்பிக் வில்வித்தையில் காம்பவுண்ட் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) கலப்பு அணிப் போட்டி சேர்ந்ததிலிருந்து என் மகளுக்கு அதே பேச்சு. பதினாறு வயது. தஞ்சாவூரில் ஒருவர் பழைய வில் ஒன்றை விற்கிறார். இழுவிசை 50 பவுண்டு, இழுப்பு நீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும் தூரம், 29 அங்குலம். குறுவை நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. அதைக் கரியாக்கிவிடக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது?

கும்பகோணத்துக்காரன்:
அவசரப்படாதீர்கள் ஐயா, நான் பட்டவன். பளபளப்பில் மயங்கி வாங்கிவந்தேன். வீட்டில் லிம்ப் (வில்லின் வளையும் கை) மேல் பஞ்சை மெல்ல ஓட்டினால், கேம் சக்கரத்துக்கு அருகே ஓரிடத்தில் சிக்கி இழையாக நின்றது. மயிரிழை விரிசல்! யாரோ அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விட்டிருக்கிறார்கள்; அம்போடு போகவேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே இறங்கியிருக்கிறது. விற்ற புண்ணியவான் அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இப்போது அந்த வில் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் தொங்குகிறது.

29 அங்குலம் உங்கள் மகளுக்கு அதிகம் என்று தோன்றுகிறது. இரு கைகளையும் விரித்து நிற்கச் சொல்லி, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து 2.5ஆல் வகுங்கள்; கிட்டத்தட்ட அதுதான் அவருக்கேற்ற இழுப்பு நீளம். புதிதாகப் பழகுபவருக்கு 50 பவுண்டும் கனம்தான்.

மன்னார்குடி வாசகி:
நாண் நைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதை மாற்ற வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். வெறுங்கையால் முயலவே கூடாது.

திருவையாற்றுத் தகப்பன்:
அளந்தேன், 63 அங்குலம். வகுத்தால் 25 சொச்சம். அந்த வில்லின் இழுப்பு நீளமோ எவ்வளவு குறைத்து வைத்தாலும் 27க்குக் கீழே இறங்காதாம். விட்டுவிட்டேன். மகள்தான் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.