வழித்தகராறில் உரிமம் பெற்ற துப்பாக்கியைக் காட்டினால் என்ன வழக்கு வரும்?

விளவங்கோட்டுக்காரன் கேட்டது:

என் அத்தான் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாவட்ட ஆட்சியரிடம் முறைப்படி உரிமம் வாங்கி .32 கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை அழகியமண்டபத்திற்கும் தக்கலைக்கும் இடையே, டாரஸ் லாரிகளின் வரிசையை முந்த முயன்ற ஒரு டெம்போ அவருடைய காரின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டது. இருவரும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பேசியதில் வார்த்தை தடித்து, டெம்போ ஓட்டுநர் கையை ஓங்கியபடி நெருங்கியபோது, அத்தான் சட்டையின் கீழ்ப்பகுதியைத் தூக்கி இடுப்பில் இருந்த துப்பாக்கியைக் காட்டி, "கிட்ட வந்து பாரு, வீடு போய்ச் சேர மாட்ட" என்று சொல்லியிருக்கிறார். உறையிலிருந்து உருவவில்லை, குறிபார்க்கவும் இல்லை. பின்னால் பைக்கில் வந்த ஒருவர் இதைக் கைபேசியில் பதிவு செய்திருக்கிறார்; மறுநாள் புகார் போய், காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

"நான் சுடவே இல்லையே, காட்டியதற்கெல்லாமா வழக்கு?" என்று அத்தான் கேட்கிறார். அவருடைய காரின் முன்கண்ணாடியில் உள்ள கேமராவிலும் காட்சி பதிவாகியிருக்கிறது. அதை அழித்துவிடும்படி உறவினர் ஒருவர் யோசனை சொல்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

நாகர்கோவில் வழக்கறிஞர்:

முதலில் அந்தப் பதிவில் யாரும் கை வைக்காதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். அதைவிட, ஓட்டுநர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார் என்று உங்கள் அத்தான் சொல்வதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுவாகவே இருக்கலாம்.

சுடவில்லை என்பதால் கொலை முயற்சி வழக்கு வராது என்று ஆறுதல் கொள்ளலாம், அவ்வளவுதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டலைப் பற்றியது. கொன்றுவிடுவதாகவோ கொடுங்காயம் விளைவிப்பதாகவோ மிரட்டினால் 351(3)-இன் கீழ் 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பழைய சட்டத்தின் 506(2) என்று நம் ஊரில் எல்லோருக்கும் பழகிய பிரிவுதான் இது. அடுத்து 130-ஆம் பிரிவைக் கவனியுங்கள்: வெறும் சொல் தாக்க முனைதல் ஆகாது, ஆனால் ஒருவர் சொல்லும் சொல் அவருடைய செய்கைக்கு அந்தப் பொருளைத் தரக்கூடும் என்று அதன் விளக்கமே கூறுகிறது. சட்டையைத் தூக்கியது செய்கை, "வீடு போய்ச் சேர மாட்ட" என்பது அதற்குப் பொருள் தரும் சொல். இரண்டும் ஒரே காட்சியில் பதிவாகியிருக்கும்போது "சும்மா காட்டினேன்" என்ற வாதம் நிற்பது கடினம்.

இதற்கு மேல் ஆயுதச் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 32-ஆம் விதிப்படி, பொது இடத்தில் கொண்டுசெல்லும் கைத்துப்பாக்கி உறையில், முழுவதும் மறைக்கப்பட்டு இருக்க வேண்டும். அதைக் காட்டி மிரட்டவும் கூடாது. உரிம நிபந்தனையையும் விதிகளையும் மீறினால் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தது 3 ஆண்டு தண்டனை உள்ள 27-ஆம் பிரிவையும் காவல்துறை சேர்க்க முயலலாம். அப்பிரிவு, உரிமமின்றி ஆயுதத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 5-ஆம் பிரிவோடு பிணைந்தது. எனவே உரிமம் உள்ளவருக்கு அது பொருந்தாது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஆனாலும் அது பிணையில் விட முடியாத பிரிவு என்பதால், விசாரணைக்குப் போகும் முன்பே நாகர்கோவில் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் முன்பிணை கேட்பதைப் பற்றி உங்கள் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

தோவாளை அண்ணாச்சி:

அடிக்க வருகிறவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? தற்காப்புக்குத்தானே ஆட்சியர் உரிமமே கொடுக்கிறார்! வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டிருந்தால்கூடத் தற்காப்பு என்றுதான் நான் சொல்வேன்.

நாகர்கோவில் வழக்கறிஞர்:

அண்ணாச்சி, நல்லவேளையாக அவர் அப்படிச் செய்யவில்லை. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாகும்படி அசட்டையாகச் சுடுவதை ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாக்கியது. 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

தற்காப்புரிமை உண்மையானதுதான். ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கை அது அனுமதிக்காது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே எழாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. கார் ஓடும் நிலையில் இருந்தது, சாலையில் ஆட்கள் இருந்தார்கள், கையில் கைபேசி இருந்தது. ஏறிக் கதவைப் பூட்டி 112-ஐ அழைத்திருக்கலாமே என்பதுதான் அரசுத் தரப்பு கேட்கும் முதல் கேள்வி. ஓட்டுநர் கையில் ஜாக்கி லிவரோ அரிவாளோ இருந்திருந்தால் நானே வேறு பதில் எழுதியிருப்பேன்.

முன்னாள் படைவீரர், மார்த்தாண்டம்:

வழக்கில் தண்டனை வருமா வராதா என்பது பிறகு. உரிமம் முதலில் போகும். பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்று கருதினால், தீர்ப்புக்குக் காத்திராமல் ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி ஆட்சியர் அதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தாலும் காலம் பிடிக்கும். எங்களைப் போல் ஓய்வுக்குப் பின் வங்கிக் காவலர் வேலைக்குப் போகிறவர்களுக்குத் துப்பாக்கி உரிமம்தான் பிழைப்பு. ஒரு பக்கக் கண்ணாடிக்காக அதைப் பணயம் வைத்திருக்கிறார் உங்கள் அத்தான்.

அவருடைய உரிமத்தில் எந்த எல்லைவரை செல்லும் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், களியக்காவிளை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து அது உரிமம் இல்லாத துப்பாக்கிக்குச் சமம். மேலும், 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்ற மாவட்டம் இது. துப்பாக்கி என்ற சொல் புகாரில் இருந்தால் இங்கே எவரும் அலட்சியமாக விட மாட்டார்கள்.

விளவங்கோட்டுக்காரன்:

மிக்க நன்றி. டெம்போ ஓட்டுநரின் வீட்டாரோடு பேசி, சேதத்துக்குப் பணம் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெறச் செய்தால் முடிந்துவிடுமா?

நாகர்கோவில் வழக்கறிஞர்:

முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டால் புகார்தாரர் மனம் மாறினால் மட்டும் போதாது; ஆயுதச் சட்டக் குற்றம் இருவர் பேசி முடித்துக்கொள்ளக்கூடியது அல்ல. சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து கேட்கலாம், ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். அந்தப் பேச்சையும் வழக்கறிஞர் வழியாகவே நடத்துங்கள். அத்தான் நேரில் போனால் மறுபடியும் மிரட்டினார் என்று இன்னொரு புகார் எழும். துப்பாக்கியைக் கேட்டால் மறுக்காமல் ஒப்படைத்து, அதன் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் குறித்த ரசீதைக் கையோடு வாங்கி வரச் சொல்லுங்கள்.