பெயரிடலா, பெயரமர்த்தலா?

அண்ணாச்சி, வணக்கம்.

வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கணினியே பார்த்து எழுதும் வேலைக்கு ‘பெயரிடல்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. பெயரிடல் என்றால் பிள்ளைக்குப் பெயர் வைப்பது. இங்கே பெயர் ஏற்கெனவே இருக்கிறது, உட்காரத்தான் இடமில்லை.

எங்கள் செங்கோட்டைப் பக்கத்தையே பாருங்கள். புளியரை, பகவதிபுரம், கோட்டைவாசல், ஆரியங்காவு என்று மலைப்பாதையில் நெருக்கமாக ஊர்கள், நடுவே எல்லைக்கோடும் ரயில்பாதையும் வேறு, இதில் தமிழோடு மலையாளத்தையும் சேர்த்து எழுதினால் முடிந்தது கதை. ஊரைக் குறிக்கும் புள்ளிக்கு வலப்பக்கம் மேலே எழுதுவதே நல்லது என்பது சுவிஸ் வரைபட அறிஞர் எடுவர்ட் இம்ஹாஃப் காட்டிய வழி. ஆனால் எல்லாப் பெயரும் அதே மூலையைக் கேட்டால் பஸ் சீட்டில் துண்டு போடுகிற சண்டைதான்.

புள்ளியைச் சுற்றி நான்கு மூலைகளில் ஒன்றில் எழுதலாம் என்று வைத்துக்கொண்டால், எல்லாப் பெயரும் மோதாமல் அமருமா என்று கேட்பதே என்பி-முழுமைச் சிக்கல் (NP-complete), அதாவது ஊர்கள் கூடக்கூட வேகமாகத் தீர்க்க யாருக்கும் வழி தெரியாத வகை. மூலைகளை இரண்டாகக் குறைத்தால் வேகமாகத் தீர்ந்துவிடும். ஃபோர்மன், வாக்னர் என்ற கணினியியல் ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள்: அவர்கள் முறையில் எல்லாப் பெயருக்கும் இடம் உண்டு, எழுத்து சிறிதானாலும் அதன் அளவு மிகச் சிறந்த விடையில் உள்ளதில் பாதிக்குக் குறையாது.

ஆக நடப்பது உட்காரவைப்பது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை ‘இரிங்க’ என்போம், மலை தாண்டினாலும் ‘இரிக்கூ’தான், அதனால் முதலில் ‘பெயரிருத்தல்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பெயர் இருப்பது என்று படித்துவிடுவார்கள். சரி, ‘பெயரமர்த்தல்’ என்றே வைப்போம். ‘அமர்த்து’ வேலைக்கு ஆள் எடுப்பதாயிற்றே என்று யாராவது கேட்கலாம், பெயரோடு சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் வராது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டின்மேல் எழுதும் எண்கள் பெயரல்லவே என்றால் அங்கே மட்டும் ‘எண்ணமர்த்தல்’.

இருத்தல் போனாலும் ‘இருக்கை’யை நான் விடமாட்டேன், அந்த நான்கு மூலைகளுக்கும் அதுவே பெயர். அப்புறம், இருக்கை கிடைக்காமல் வரைபடத்திலிருந்தே விட்டுப்போகும் பெயர்களுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘நிற்பவை’ என்று வைத்தால் நீங்கள் சிரிப்பீர்கள், வேறு இருந்தால் சொல்லுங்கள்.