எக்ஸாப்டேஷன்: தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

வே.சு. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

தமிழ்வழியில் விலங்கியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: எக்ஸாப்டேஷன். அடாப்டேஷனில் சிக்கல் இல்லை, தகவமைப்பு என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஓர் உறுப்பு ஒரு வேலைக்காகவோ, எந்த வேலைக்காகவும் இல்லாமலோ தோன்றியிருக்கும். பிற்பாடு வேறொரு வேலைக்குக் கைகொடுக்கும். இறகு பறப்பதற்காகவே வந்தது என்றுதான் என் வகுப்பில் எல்லாரும் நினைக்கிறார்கள். 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்த சைனோசாரொப்டெரிக்ஸ் என்ற டைனோசருக்கு உடலில் இழை இழையாக இறகின் முன்வடிவம் இருந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், குட்டைக் கைகள். பறக்க வழியே இல்லை. உடல்சூட்டைக் காக்கவோ, பகட்டிக் காட்டவோதான் அந்த இழைகள் உதவியிருக்கும். பறத்தல் பின்னால் வந்து சேர்ந்த வேலை.

1982இல் தொல்லுயிரியலாளர்கள் ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் வர்பாவும் இந்தச் சொல்லை உண்டாக்கினார்கள். அதற்கு முன் வழங்கியது ப்ரீஅடாப்டேஷன். நாளைக்குப் பறக்க வேண்டியிருக்கும் என்று இன்றே இறகு முளைத்ததுபோல் அது தொனிக்கிறது என்பது அவர்களுடைய குறை.

இப்போதைக்குப் 'புறத்தகவமைப்பு' என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ச.மீ. எழுதியது:

தம்பி, புறத்தகவமைப்பு வேண்டவே வேண்டாம். தோல் நிறம், கொம்பு மாதிரி வெளியே தெரிகிற தகவமைப்பு என்று மாணவர்கள் எழுதி வைப்பார்கள், நீங்களும் மதிப்பெண் போட வேண்டியிருக்கும். எக்ஸ் என்றாலே புறம் என்பது அகராதிப் பழக்கம். கூல்டும் வர்பாவும் அந்த எக்ஸை எடுத்தது வேறு பொருளில்: தன் வடிவத்தால் பொருந்தியது. நம் கணக்கில் ஐந்தாம் வேற்றுமை, அதிலும் நீங்கல் அல்ல, ஏதுப்பொருள்.

'பயன்மாற்றம்' என்று போடுங்கள். இருபது ஆண்டாக மொழிபெயர்க்கிறேன். விளக்கம் தேவைப்படாத சொல்தான் நிற்கிறது.

இரா.மு. எழுதியது:

அன்புடையீர்,

தகவமைப்பு என்ற சொல்லைப் பலரும் இயந்திரம்போல் எழுதுகிறோம். தகவு என்பது எவ்வளவு ஆழமான சொல்! 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் காணப்படும்.' எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் நன்மக்கள் என்று உரை எழுதுகிறார். புகழ் என்று கொள்வாரும் உண்டு, அது இருக்கட்டும். பரிமேலழகர் வழியில் போனால் ஓர் உயிரின் தகவு அது விட்டுச்செல்லும் சந்ததியால் அறியப்படும். டார்வினியர்கள் ஃபிட்னெஸ் என்று சொல்வது இதைத்தானே? குறள் பேசுவது நடுவுநிலைமையைப் பற்றி என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொல் அங்கே காத்திருக்கிறது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். ஒன்றுக்கு உரியது அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: ஆகுபெயர். பெயர் ஆகி வந்தால் ஆகுபெயர், பயன் ஆகி வந்தால் 'ஆகுபயன்'. இதில் இன்னொரு வசதியும் உண்டு. புளி முளைத்தது என்றால் இருமடி ஆகுபெயர், சுவை பழத்துக்காகி, பழம் மரத்துக்காயிற்று. கார் அறுத்தான் என்றால் மும்மடி: கருமை, மேகம், பருவம், பயிர். அதுபோல உறுப்புக்கும் மடி எண்ணலாம்.

வே.சு. எழுதியது:

ஐயா, மடி எண்ணுவதற்குக் கூல்டும் வர்பாவுமே எடுத்துக்காட்டு தந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு கருங்கொக்கு இருக்கிறது. இரண்டு சிறகையும் முன்னால் குவித்துக் குடைபோல் பிடித்துத் தண்ணீரில் நிழல் விழச் செய்யும். அந்த நிழலுக்குள் மீனைத் தேடும். சூடு காத்த இறகு பறக்கவந்து, பறக்கும் சிறகு குடையாயிற்று. இருமடி ஆகுபயன்! மாணவர்களுக்கு ஆகுபெயர் பள்ளியிலேயே தெரியும் என்பதால் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

கு. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மென்பொருள்காரன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எக்ஸாப்டேஷன் என்றே எழுதினால் என்ன கெட்டுப்போகும்? மேற்படிப்புக்குப் போகும்போது அந்தச் சொல்தானே வேண்டும்? தொல்காப்பியரே வடசொல்லை எழுத்தை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாரே.

ச.மீ. எழுதியது:

கு. தம்பி, எடுத்துக்கொள்ளலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் தகவமைப்பு, எக்ஸாப்டேஷன் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் இருக்கிற உறவு அறுந்துபோகிறது. ஆங்கிலத்தில் முன்னொட்டு ஒன்றுதான் வேறு, பார்த்த உடனே அக்கா தங்கை என்று தெரியும். அதே காரணத்தால்தான் ஐயாவின் ஆகுபயனும் எனக்கு உறுத்துகிறது. அதில் தகவு எங்கே?

இரா.மு. எழுதியது:

அம்மா, உங்கள் பயன்மாற்றத்தில் மட்டும் தகவு எங்கே இருக்கிறது?

ச.மீ. எழுதியது:

இல்லைதான் ஐயா. ஆனால் புரிகிறது.

ந.யோ. எழுதியது:

யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது டொரொன்டோவில் இருக்கும் என் இரண்டு சதம்.

முதலில், தகவமைப்பு என்பதை எல்லாத் தமிழருக்கும் பொதுச் சொல்லாக எண்ணிப் பேசுகிறீர்கள். இலங்கைப் பாடநூல்களில் அடாப்டேஷன் என்பது இசைவாக்கம். நீங்கள் பரிணாமம் என்பதை நாங்கள் கூர்ப்பு என்போம். தொல்காப்பிய உரியியலில் 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்று வருகிறது. உள்ளது சிறத்தல்! இல்லாத ஒன்றைப் புதிதாக வார்ப்பதல்ல, இருப்பதையே மிகுவிப்பது. இரா.மு. ஐயா குறளில் டார்வினைக் கண்டார், நான் உரியியலில் கூல்டையே காண்கிறேன்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். பயன் என்ற சொல்லே இங்கே பிழை. இயற்கைத் தேர்வால் ஒரு வேலைக்கென்றே அமைந்த உறுப்பு செய்வதற்கு மட்டும்தான் கூல்டும் வர்பாவும் ஃபங்ஷன் என்ற சொல்லை ஒதுக்கினார்கள். எக்ஸாப்டேஷன் செய்வதை எஃபெக்ட் என்றார்கள். அதாவது விளைவு. அந்த வேறுபாட்டுக்காகத்தான் கட்டுரையே எழுதினார்கள். மண்டையோட்டுப் பொருத்துகளை டார்வின் 1859இலேயே காட்டியிருக்கிறார். பாலூட்டிக் குட்டி பிறக்கும்போது மண்டையோட்டு எலும்புகள் சற்று நெகிழ்ந்து கொடுப்பது உதவிதான். ஆனால் முட்டையை உடைத்துக்கொண்டு வரும் பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும்கூட அதே பொருத்து இருக்கிறது. பிரசவத்துக்காக அது வரவில்லை. அதற்கு முந்தைய 'பயன்' என்ன, எது 'மாறியது'? பயன்மாற்றம் இங்கே விழுந்துவிடுகிறது.

என் பரிந்துரை 'பிறிதிசைவு'. பிறிதொன்றாக இருந்து இசைந்தது.

வே.சு. எழுதியது:

அண்ணா, மண்டையோட்டு எடுத்துக்காட்டை அப்படியே குறிப்பில் சேர்த்துவிட்டேன், நன்றி. ஆனால் பிறிதிசைவு என்று கரும்பலகையில் எழுதினால் பின்வரிசையிலிருந்து 'இது எந்த ராகம் சார்?' என்று கேட்பார்கள். என் வகுப்பை எனக்குத் தெரியும்.

இரா.மு. எழுதியது:

ந.யோ. அவர்களின் இரண்டாம் கருத்து கனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் மொழியில் பயன் என்பது வேலையை மட்டும் குறிப்பதல்ல. பழம், விளைவு எல்லாம் அதற்குள் அடக்கம். வினைப்பயன் என்கிறோமே, அது ஃபங்ஷனா எஃபெக்டா? ஆங்கிலத்தில் அவர்கள் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது நமக்கு ஒரு சொல்லிலேயே அடங்கியிருப்பது குறையா? மேலும் ஆகு என்பதில் முந்தைய பயன் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ந.யோ. எழுதியது:

கட்டாயம் உண்டு ஐயா. நன்னூல் ஆகுபெயருக்கு 'ஒன்றன் பெயரான் அதற்கு இயை பிறிதை' என்கிறது. முதலில் ஒன்று வேண்டும், பிறகு இயைபு வேண்டும். சூடு காப்பதற்கும் பறப்பதற்கும் என்ன இயைபு?

இரா.மு. எழுதியது:

உறுப்பே இயைபு.

ச.மீ. எழுதியது:

இரண்டு பேரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், இன்று புதன்கிழமை.

ஆகுபெயர் ஒப்புமையில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். புளி மரத்துக்குப் பெயரானாலும் சுவைக்கும் பெயராகவே இருக்கிறது, பழையது அழிவதில்லை. பறவை இறகு இன்றும் சூடு காக்கிறது. வாத்தின் கண்வில்லையில் இருக்கும் ஒரு புரதம் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியேதான். ஒரே ஜீன் இரண்டு வேலையும் பார்க்கிறது. பயன்'மாற்றம்' என்று சொன்னால் பழைய வேலை போய்விட்டதுபோல் ஆகிவிடும் என்பதை என் சொல்லுக்கு எதிராக நானே ஒப்புக்கொள்கிறேன். பழைய வேலை போய்விட்ட இடமும் உண்டு. நம் நடுச்செவியில் இருக்கும் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் ஊர்வனவற்றில் தாடை மூட்டு. மெல்லுவதற்கு இருந்தவை கேட்கவந்துவிட்டன. 1837இலேயே ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ரைச்செர்ட் கருவளர்ச்சியைப் பார்த்து இந்தத் தொடர்பைச் சொல்லிவிட்டார். இங்கே பயன்மாற்றம்தான் பொருந்தும்.

கு. எழுதியது:

ஒரு சந்தேகம், இதெல்லாம் உறுப்புக்கு மட்டும்தானா? வாசிப்புக்குப் பொருந்துமா? எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுக்குச் சற்று மேல், அதற்கென்று மூளையில் ஒரு பகுதி பரிணமிக்க அவ்வளவு காலம் போதாது. எழுத்தறிந்தவர்களுக்கு பெருமூளையின் இடப்பக்கப் பின்பகுதியை ஒட்டிய ஓர் இடம் சொற்களைக் கண்டால் வேலை செய்கிறது, பொருள்களையும் முகங்களையும் பார்க்க இருந்த இடத்தில் எழுத்து போய் உட்கார்ந்துகொள்கிறது என்று நரம்பியல் ஆய்வாளர் தெஹேன் சொல்வதைப் படித்திருக்கிறேன். அவர் அதை நியூரான் மறுசுழற்சி என்கிறார்.

அப்புறம், எண்ணெய் என்றால் எள்நெய், ஆனால் தேங்காய் எண்ணெய் என்கிறோம். தந்தி என்றால் வீணைக் கம்பி, அதில் அவசரச் செய்தி வந்தது. சொற்களே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்க, நாம் ஏன் புதிதாக ஒன்றை வார்க்கிறோம்? பழைய சொல் ஒன்றை எடுத்து இதற்கு ஆக்கிக்கொள்ளலாமே?

இரா.மு. எழுதியது:

அதைத்தான் நான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தம்பி.

வே.சு. எழுதியது:

வாசிப்பு ஒருவர் வாழ்நாளில் பழகிக்கொள்வது, தலைமுறைகளில் நடப்பதல்ல. அதனால் அதைக் குறிப்பில் தனிப் பெட்டியாகப் போடுகிறேன்.

நாளைக் காலை அனுப்பியாக வேண்டும். எண்ணிப் பார்த்தேன்: ஆகுபயனுக்கு இரா.மு. ஐயா, கு. (கேள்வியாகத்தான் சொன்னார், ஆதரவாக எடுத்துக்கொள்கிறேன்), நான். பயன்மாற்றத்துக்கு மீ. அக்கா, அரை மனதோடு. பிறிதிசைவுக்கு ந.யோ. அண்ணா. தலைப்பில் ஆகுபயன் என்றும், முதல் பத்தியில் 'பயன்மாற்றம் என்றும் சொல்லலாம்' என்றும் போடுகிறேன்.

ந.யோ. எழுதியது:

பதிவுக்காக: நான் உடன்படவில்லை. இயைபு பற்றிய கேள்விக்கு விடை வரவில்லை. 'உறுப்பே இயைபு' என்பது விடை அல்ல. இலங்கை மாணவர் ஒருவர் உங்கள் குறிப்பைப் படித்தால் தகவமைப்பு என்ற இடத்திலேயே நின்றுவிடுவார், இசைவாக்கம் என்று ஒரு அடிக்குறிப்பாவது போடுங்கள்.

வே.சு. எழுதியது:

போட்டுவிட்டேன் அண்ணா.

அச்சகத்திலிருந்து திருத்தப்படி வந்துவிட்டது. பதினொரு இடத்திலும் 'ஆகுப்பயன்' என்று அடித்திருக்கிறார்கள்.

இரா.மு. எழுதியது:

வினைத்தொகை! ஒற்று மிகாது என்று சொல்லுங்கள்.

ச.மீ. எழுதியது:

பயன்மாற்றத்தில் இந்தத் தொல்லை இல்லை.