மதுரை – சென்னை: 418 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

திருமங்கலத்துப் பெண்:
வணக்கம். முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதற்காக என் தாயாரை அடுத்த மாதம் சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. சாலை வழியே ஏறத்தாழ 460 கிலோமீட்டர், ரயிலில் 490 கிலோமீட்டர் என்கிறார்கள். வான்வழியில் 418 தான் என்று வரைபடத்தில் பார்த்தேன். அவ்வளவு தொலைவுக்கு டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருப்பது ஏன்? அம்மாவால் நெடுநேரம் காலை மடக்கி உட்கார முடியாது என்பதால், வீட்டுப் படியிறங்கியது முதல் எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

அவனியாபுரத்தார்:
418 சரியான கணக்கு. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பூமியின் வளைவையொட்டிய மிகக் குறுகிய கோடு அது. ஆனால் எந்த விமானமும் அந்தக் கோட்டின் மீதே பறப்பதில்லை. மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, சென்னையோ வடகிழக்கில் இருக்கிறது; ஆகவே எழும்பிய பிறகு திரும்ப வேண்டும், சென்னையை நெருங்கியதும் இறங்கும் வரிசையில் சேர வேண்டும். இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம் மேலே சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்லும். அந்த வேகத்திலேயே முழுவதும் சென்றால் 50 நிமிடம் போதும்; ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் அது கூடுகிறது. மேலும், டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் சென்னையில் போய் நிற்பது வரைக்குமானது. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறந்தாலும், இவ்வளவு குறைந்த தொலைவில் பெரிதாக மிச்சமாவதில்லை.



வில்லாபுரம் வாசகர்:
அம்மா, உங்கள் வீட்டிலிருந்து பெருங்குடி வழியாக விமான நிலையம் வர அரை மணி நேரம், முன்கூட்டியே வந்து காத்திருக்க ஒன்றரை மணி நேரம், பயணம் ஒன்றேகால், இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி என்று வைத்தால், மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து வெளியே வர ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். வந்தே பாரத் ரயில் மதுரையிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. நேரத்தில் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான் என்றாலும், ஒரே இருக்கையில் தொடர்ந்து அமர வேண்டியதில்லை என்பதற்காகவே உங்கள் தாயாருக்கு விமானத்தைத்தான் சொல்வேன். மருத்துவமனை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் என்றால் இன்னும் நல்லது. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். ஏடிஆர் விமானத்துக்குத் தரையில் இறங்கிச் சென்று படியில்தான் ஏற வேண்டியிருக்கும். படியேற இயலாதவர் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.