பன்னெண்டு வருஷம் லேட்டா வந்த தங்கம்

மாமா: மறுபடியும் ஊக்கமருந்து நியூஸா? மேல போறவன் எல்லாருமே எடுக்குறான்பா. பேசாம யாரு வேணா எடுத்துக்கலாம்னு விட்டுட்டா சண்டையே இல்ல

அக்கா: மாமா எல்லாரும் எடுக்கல. எடுக்காதவங்க நாலாவது அஞ்சாவதா வந்து யார் கண்ணுலயும் படாம வீட்டுக்குப் போயிடுறாங்க

தம்பி: 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் வெயிட்லிஃப்டிங் 94 கிலோல முதல் நாலு பேருமே பின்னாடி மாட்டுனாங்க, அஞ்சாவது வந்த ஈரான்காரருக்கு தங்கம், ஒன்பதாவது வந்த போலந்துக்காரருக்கு வெண்கலம்!!

தம்பி: அந்த போலந்துக்காரரும் 2016 ரியோல மாட்டுனாரு, அதையும் சொல்லணும்ல

மாமா: பாத்தியா 😀 அதத்தான்டா நானும் சொல்றேன்

அக்கா: சரி அமெரிக்க ஓட்டக்காரி லஷிண்டா டீமஸ் விஷயத்துக்கு என்ன சொல்றீங்க? ரெட்டைக் குழந்தை பெத்துட்டு திரும்ப ட்ராக்குக்கு வந்தவங்க, அதே லண்டன்ல 400 மீட்டர் தடை ஓட்டத்துல 0.07 செகண்ட்ல தங்கம் போச்சு, ஜெயிச்ச ரஷ்யப் பொண்ணோட ரிசல்ட்ட ரத்து பண்ணதே 2022லதான், மெடல் கைக்கு வந்தது 2024 பாரிஸ்ல, அதுக்குள்ள அவங்க ஓட்டத்தையே விட்டாச்சு மாமா, தங்கம் ஜெயிச்சவங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா வந்திருக்க வேண்டிய ஸ்பான்சர் எல்லாம் இனி எங்க வரும்

சித்தி: அய்யோ பாவமே 😢 அங்கயே டெஸ்ட் பண்றாங்கல்ல, அப்பவே ஏன் தெரியல?

தம்பி: சித்தி, டெஸ்டுக்கு தெரிஞ்ச மருந்துதான் டெஸ்ட்ல சிக்கும். அதனாலதான் சிறுநீர், ரத்த சாம்பிள 10 வருஷம் ஃப்ரீசர்ல வச்சு புது மெஷின் வந்ததும் திரும்பப் பாக்குறாங்க. ஏதென்ஸ் 2004ல குண்டு எறிதல்ல ரெண்டாவது வந்த ஆடம் நெல்சனுக்கு அப்படித்தான் தங்கம் கிடைச்சுது, 2013ல, ஒரு ஏர்போர்ட் ஃபுட் கோர்ட்ல வச்சு குடுத்தாங்க

அக்கா: ரஷ்யால நடந்த சோச்சி 2014 குளிர்கால ஒலிம்பிக்ஸ் இன்னும் மோசம். லேப் சுவத்துலயே ஓட்டை போட்டு ராத்திரில ரஷ்ய வீரர்களோட சாம்பிள மாத்தியிருக்காங்க, லேப் தலைவர் ரோட்சென்கோவே அத வெளிய சொன்னாரு

சித்தி: அண்ணா நீங்க சொல்ற மாதிரி விட்டா பெரியவங்களோட நிக்காது. கிழக்கு ஜெர்மனில சின்னப் பொண்ணுங்களுக்கு விட்டமின்னு சொல்லி ஹார்மோன் மாத்திரை குடுத்தாங்க, கவர்மென்டே திட்டம் போட்டு. வளந்தப்புறம் உடம்பு கெட்டு கோர்ட்டுக்குப் போனாங்க. அந்தப் புள்ளைங்க கிட்ட யாரு கேட்டா எடுத்துக்கிறியான்னு?

மாமா: ம்ம் குழந்தைங்க விஷயத்த நான் யோசிக்கல

மாமா: சரி, ஏமாத்துனவன் வாங்குன பரிசுப் பணம்? அத புடுங்கி அந்தப் பொண்ணு மாதிரி ஆளுங்களுக்குக் குடுக்கணும்ல

அக்கா: திருப்பிக் குடுன்னு சொல்றாங்க மாமா, செலவழிச்சவன் கிட்ட வசூல் பண்றதுதான் பாடு