அக்காவுக்கு எச்.எச்.டி. - அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். அப்பாவுக்கும் அப்படித்தான். உடம்புச் சூடு என்று விட்டுவிட்டோம், அதை நினைத்தால் இப்போது மனசு ஆறவில்லை.

போன மாதம் காய்ச்சல், தலைவலி, அப்புறம் வலது கை மரத்துப்போனது. ஸ்கேனில் மூளையில் சீழ்க்கட்டி! காரணம் எச்.எச்.டி. என்ற பரம்பரை ரத்தக்குழாய் நோய். நுரையீரலில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருப்பதால், அங்கே வடிகட்டப்பட வேண்டிய கிருமி மூளைக்குப் போய்விட்டது. ரத்தக்கட்டி போனால் பக்கவாதமும் வரலாமாம்.

அந்த இணைப்பை அடைக்கும் எம்போலைசேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாளில் தேறினீர்கள்? அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் வர தலா 50 சதவீத வாய்ப்பு. நுரையீரலில் இப்படி இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பபிள் எக்கோ பரிசோதனையைக் குழந்தைகளுக்கு எந்த ஊரில் எடுத்தீர்கள்?